எண்ணப்படாத மணிநேரம்

உழைப்பவன் தன் உழைப்பைக் கணக்கிட்டுக் கூலி கேட்பது நியாயமே என்பதை இன்று வெளிப்படையாக மறுப்பவர் எவருமிலர். துறைமுகத் தொழிலாளியோ பஸ் சாரதியோ குறித்த நேரத்துக்கு மேல் வேலை செய்தால் அவருக்கு மேலதிக வேதனம் கிடைக்க வேண்டுமென்பது, தொழிற்சங்க இயக்கம் பல்லாண்டு காலம் போராடி நிலைநாட்டிய உண்மையாகும். ஆனால் அதே கோரிக்கையை ஓர் ஆசிரியர் எழுப்பும்போது சமுதாயம் முகஞ் சுளிக்கிறது. அறிவைத் தராசிலிட்டு விற்பதா? குழந்தைகளின் முன்னே மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதா? இவ்வாறு கேட்பவர்கள் நிர்வாகிகள் மட்டுமல்லர். நல்லெண்ணம் படைத்த பெற்றோரும், ஆசிரியர்களிற் பலருங்கூட அவ்வாறே கேட்கின்றனர். அவர்களது நல்லெண்ணத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆயின், அந்த நல்லெண்ணம் யாருக்குப் பயன்படுகிறது என்று கேட்பது நமது கடமையாகும்.

இக்கேள்வியைப் பொதுப்படையாக ஆராய்வதைவிட, அது கூர்மையாக வெளிப்படும் ஓரிடத்தை எடுத்துக்கொண்டு ஆராய்வதே பயனுடையது. தென்கொரியாவுக்கு ஆங்கிலம் கற்பிக்கச் செல்லும் வெளிநாட்டு ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் நடத்தவேண்டியுள்ள முகாம்களும் பட்டறைகளும், அவற்றுக்குரிய மேலதிக வேதனமும் பற்றிய பிரச்சினை அத்தகையதொன்று. ஆசிரியர் என்னும் மதிப்பு, அந்நியர் என்னும் பலவீனம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பெற்றவர் என்னும் சலுகை ஆகிய மூன்றும் அங்கே ஒரே மனிதரிடத்துச் சந்திக்கின்றன. அதனால், மதிப்பைக் காட்டி உரிமையை மறுப்பது எவ்வாறு, சலுகை பெற்றவருக்கும் நியாயம் உரியதா என்னும் இரு வினாக்களையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டுகிறது.

முதலில் நிலைமையைத் தெரிந்துகொள்வோம். 'உலகமயமாக்கல்' என்பதைத் தன் கொள்கையாக அறிவித்திருந்த கிம் யொங்-சாம் ஆட்சியில், 1995ஆம் ஆண்டு 'எபிக்' எனப்படும் திட்டம் தொடங்கப்பெற்றது. வெளிநாட்டினரை அரசாங்கப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர்களாக அமர்த்துவதே அதன் நோக்கம். 1997இல் ஆரம்பப் பாடசாலையின் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. இத்தகைய வேலைக்கு வருவோர் அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா என்னும் ஏழு நாடுகளுள் ஒன்றின் குடிகளாக இருத்தல் வேண்டுமென்பது பொது விதி. ஒப்பந்தம் ஓராண்டுக்குரியது. வாரத்துக்கு 40 மணிநேரம் பாடசாலையில் இருத்தல் வேண்டும். அதில் வகுப்பிற் கற்பிக்கும் நேரம் 22க்கு மேற்படலாகாது. மேற்பட்டால் மணிக்கு இவ்வளவு என மேலதிகப் பணம் உண்டு. காகிதத்தில் இது நேர்மையான ஏற்பாடாகவே தோன்றுகிறது.

யூலை மாதப் பிற்பகுதியிலே கோடை விடுமுறை தொடங்குகிறது. விடுமுறை மாணவருக்கே, ஒப்பந்த ஆசிரியருக்கு உரிய லீவு நாட்கள் போக, எஞ்சியவை யாவும் வேலை நாட்களே. அந்நாட்களில் ஒரு வாரமோ, இரண்டு மூன்று வாரங்களோ 'ஆங்கில முகாம்' நடத்தும் பொறுப்பு அவர்மீது சுமத்தப்படுகிறது. சிலவிடங்களிற் கொரிய ஆங்கில ஆசிரியர்களுக்கான விடுமுறைப் பயிற்சிப் பட்டறைகளிலும் இவர்களே போதிக்கின்றனர். முகாமுக்கு வாரம் 20 பாடவேளைகள் என்று வைத்துக்கொள்வோம். அது 22ஐ எட்டவில்லை. ஆகவே மேலதிகப் பணமில்லை. சாதாரண வாரத்தைவிடக் குறைவான வேலைதானே என்று நிர்வாகம் சொல்லும். எண்ணிக்கைப்படி அது சரியே.

ஆனால் எண்ணிக்கைக்குள்ளே மறைந்திருப்பது என்ன? தவணைக் காலத்தில் ஓர் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் 22 பாடவேளைகள் கற்பிக்கும்போது, ஒரே பாடத்தை ஒரே வகுப்பின் பல பிரிவுகளுக்கும் திரும்பத் திரும்ப நடத்துகிறார். எட்டு அல்லது பத்துப் பாடங்களைத் தயாரித்தால் வாரம் ஓடிவிடும். கையிலே பாடப்புத்தகம் இருக்கிறது. பக்கத்திலே கொரிய ஆசிரியர் ஒருவர் துணை நிற்கிறார். முகாமிலோ அதே பிள்ளைகள் காலை முதல் அவர் முன்னே அமர்ந்திருக்கின்றனர். காலையில் நடத்தியதை மதியம் மீண்டும் நடத்த முடியாது. பாடப்புத்தகம் இல்லை, பாடத்திட்டத்தையே அவர் வகுக்க வேண்டும். எனவே 20 பாடவேளைக்கு 20 தயாரிப்புகள். ஒன்றுக்கு ஒரு மணிநேரம் என்று மிகக் குறைத்து மதிப்பிட்டாலும், வேலை 40 மணிநேரத்தை நிறைத்துவிடும். முகாம் தொடங்கும் முதல் நாளே பாடங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டுமாதலால், அத்தயாரிப்பு யூலை மாதத்திலே, வழக்கமான 22 பாடவேளைகளுக்கு மேலதிகமாக, இரவு நேரங்களில் நடைபெறுகிறது. அந்த இரவுகளை எந்த ஒப்பந்தமும் எண்ணுவதில்லை.

தனியார் துறையில் நிலைமை இன்னும் கடுமையானது. நமது ரியூட்டரிகளை ஒத்த 'ஹாக்வொன்' என்னும் நிலையங்கள் சாதாரண நாட்களிற் பாடசாலை விட்ட பின்னர் பிற்பகலிலும் இரவிலும் இயங்குபவை. கோடை விடுமுறை வந்தவுடன் அவை காலையிலும் விசேட வகுப்புகளைத் தொடங்குகின்றன. ஆசிரியர் தொகை கூடுவதில்லை. ஆசிரியரின் நாள்தான் நீளுகிறது. மாணவர்கள் தங்கியிருந்து படிக்கும் முகாம்களும் உண்டு. சியோல் நகரைச் சூழ்ந்த கியொங்கி மாகாணம் 2004இல் அன்சானிலும் 2006இல் பாஜுவிலும் இதற்கென 'ஆங்கிலக் கிராமங்களையே' அமைத்தது. தங்கும் முகாம் எதுவாயினும், அங்கே சாப்பாட்டு மேசையும் ஆங்கிலம் பேசவேண்டிய இடமே. இரவிலே காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பார்ப்பதும் பொறுப்பே. அங்கே வேலை எப்போது முடிகிறது?

கொரியச் சட்டம் இதற்கு விடை தராமலில்லை. 1953ஆம் ஆண்டிலே இயற்றப்பெற்ற தொழில் நியமங்கள் சட்டத்தின் இன்றைய வடிவில் நாளுக்கு 8 மணிநேரமும் வாரத்துக்கு 40 மணிநேரமுமே சாதாரண வேலைநேரம். அதற்கு மேற்பட்டதற்கு அரைவாசி கூட்டிக் கொடுத்தல் வேண்டும். எசமானரின் கட்டளைக்குட்பட்டுக் காத்திருக்கும் நேரமும் வேலைநேரமே என்பது 2012இல் அச்சட்டத்திற் சேர்க்கப்பட்டது. தேசிய இனத்தைக் காரணங்காட்டித் தொழில் நிபந்தனைகளில் வேற்றுமை காட்டலாகாது என்றும் அது விதிக்கிறது. ஆயினும் ஒப்பந்தம் வகுப்பறை நேரத்தை எண்ணுகிறது. சட்டம் கட்டளைக்குட்பட்ட நேரத்தை எண்ணுகிறது. வீட்டு மேசையிலே படங்களை வெட்டி ஒட்டிப் பாடத்தை உருவாக்கும் நேரம் நடைமுறையில் இரண்டின் கணக்கிலும் விழாமற் போகிறது. ஆசிரியத் தொழிலின் உயிர் எந்த நேரத்திலே இருக்கிறதோ, அந்த நேரமே கணக்குக்கு வெளியே நிற்கிறது.

*

இனி, இந்த மணிநேரத்துக்கு வேதனம் கேட்பது முறையா என்னும் வினாவுக்கு வருவோம். இதற்கெதிராக மூன்று ஆட்சேபங்கள் கூறப்படுவதுண்டு.

கற்பித்தல் புனிதமான பணி, அதை மணிக்கணக்கில் அளப்பது அதன் தன்மையையே கெடுத்துவிடும் என்பது முதலாவது. கொரியாவில் இவ்வாதத்துக்குப் பலமான மரபுத் துணையுண்டு. அரசன், ஆசிரியன், தந்தை ஆகிய மூவரும் ஒன்றே என்பது கொன்பூசிய மரபு. கொரிய எழுத்தை உருவாக்கிய செஜோங் மன்னரின் பிறந்தநாளான மே 15ஆந் திகதியே அங்கு ஆசிரியர் தினம். ஆசிரியனைத் தெய்வத்துக்கு அடுத்தபடி வைத்துப் பழகிய நமக்கும் இம்மரபு அந்நியமானதன்று. இத்தோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வர்: நேரத்தைக் கணக்கிடுவது மேனாட்டுத் தனிமனிதவாதம், கீழ்த்திசையின் பண்பாடு வேறு, வந்த இடத்துப் பண்பாட்டுக்கு இசைந்து நடப்பதே வெளிநாட்டவருக்கு அழகு என்று.

இவ்வாதத்துக்குக் கொரிய மண்ணே விடை சொல்லியிருக்கிறது. 1960களிலே சியோலின் பியோங்வா சந்தையிலிருந்த தையற்கூடங்களில், நிமிர்ந்து நிற்கவும் இயலாத பரண்களில், நாளுக்குப் பதினான்கு மணிநேரம் வரை சிறுமிகள் வேலை செய்தனர். அங்கே துணிவெட்டும் தொழிலாளியாயிருந்த ஜொன் தே-இல் என்னும் இளைஞர், தன் பஸ் காசைக் கொண்டு அச்சிறுமிகளுக்குத் தின்பண்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு, இரவிலே நெடுந்தூரம் நடந்து வீடு சேர்வார். கொடுப்பதின் இன்பத்தை அவருக்கு எவரும் போதிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அதே மனிதர்தான் தொழில் நியமங்கள் சட்டத்தைத் தேடிப் படித்தார், வேலைநேரங்களைக் கணக்கெடுத்தார், அதிகாரிகளிடம் மனுக் கொடுத்தார். எதுவும் பலிக்காமற் போகவே, 1970 நவம்பர் 13ஆந் திகதி, சட்டத்தை அமுல்செய்யுமாறும் தொழிலாளர் இயந்திரங்களல்லர் என்றும் முழங்கியபடி தன்னையே தீக்கிரையாக்கினார். அப்போது அவருக்கு வயது 22. அன்பும் கணக்கும் ஒன்றுக்கொன்று பகையென்று கூறுவோர் இந்த வாழ்க்கையை எங்கே வைப்பர்? அச்சிறுமிகளை நேசித்ததனாலேயே அவர்களுடைய மணிநேரங்களை அவர் எண்ணத் தலைப்பட்டார்.

ஆசிரியர்களின் வரலாறும் இதற்கு மாறானதன்று. 1989இல் கொரிய ஆசிரியர்கள் தமக்கெனத் தொழிற்சங்கம் அமைத்தபோது, ஆசிரியன் தொழிலாளியல்லன் என்னும் அதே புனித வாதத்தைக் கூறியே ஏறத்தாழ 1,500 பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். பத்தாண்டுகள் கழிந்து, 1999இலேயே அச்சங்கம் சட்டபூர்வமாயிற்று. ஆகவே, மணிநேரத்தை எண்ணுவது மேனாட்டு இறக்குமதி என்பது கொரியத் தொழிலாளர் சிந்திய இரத்தத்தை மறைக்கும் கூற்றாகும். 'என் நாட்டிலே இப்படியில்லை' என்று சொல்லித் தன் நாகரிகத்தை மெச்சிக்கொள்ளும் வெளிநாட்டு ஆசிரியரும் இவ்வரலாற்றை அறியாதவரே. தான் கேட்கும் உரிமையைத் தன் சொந்த நாட்டிலிருந்து அவர் கொண்டுவரவில்லை. கொரியத் தொழிலாளர் பெற்றுவைத்ததிலே தமக்குரிய பங்கையே கேட்கிறார்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மறுக்க முடியாத கொடையைக் கொடையென்று அழைக்கலாகாது. ஒப்பந்தத்தை அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிப்பது எவர் கையில் இருக்கிறதோ, அவரே வந்து 'விருப்பமிருந்தால்' முகாமை நடத்தித் தருமாறு கேட்கும்போது, விருப்பம் என்னும் சொல் பொருளிழந்துவிடுகிறது. மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்தில், இலாபத்துக்காக உழைப்பவன் என்பதற்குப் பள்ளிக்கூட வாத்தியாரையே உதாரணமாக எடுத்துக்கொண்டார். பள்ளியின் சொந்தக்காரர் தன் பணத்தை இறைச்சிப் பண்டத் தொழிற்சாலையில் இடாது கல்வித் தொழிற்சாலையில் இட்டார் என்பதனால் உறவு மாறிவிடவில்லை என்பது அவரது கருத்து. ஹாக்வொனின் கோடை விசேட வகுப்புக்கு இது அப்படியே பொருந்தும். அரசாங்கப் பாடசாலையில் இலாபம் இல்லைதான். ஆனால் மிச்சம் பிடித்தல் உண்டு. மிச்சம் பிடிக்கப்படுவது ஒருவருடைய இரவுகளே.

*

இரண்டாவது ஆட்சேபம் இடதுசாரிகளாகிய நம்மிடமிருந்தே வருவது. இந்த ஆசிரியர்கள் யார்? ஏழு நாடுகளின் கடவுச்சீட்டு உடையவர்கள். பட்டமொன்றும், பலவேளைகளில் ஒரு குறுகிய காலப் பயிற்சிச் சான்றிதழும் பெற்று, நீண்டகால ஆசிரிய அனுபவமின்றியே வருவோர் இவர்களிற் பலர். அவர்களுக்கு வீடு கிடைக்கிறது. விமானச் செலவுக்கு உதவி கிடைக்கிறது. இலங்கையிலோ பிலிப்பைன்ஸிலோ இருபதாண்டுகள் ஆங்கிலம் போதித்த ஒருவருக்கு அதே வாசல் திறப்பதில்லை. பிறந்த இடத்துக்காகக் கிடைத்த வேலையில், பிறப்புரிமை பெற்றவர் மேலதிகப் பணமும் கேட்பதற்கு நாம் ஏன் வழக்குரைக்க வேண்டும்?

இந்த ஆட்சேபத்தில் உண்மையுண்டு. அதை மூடிமறைப்பது நேர்மையாகாது. ஏழு நாட்டு விதி அநீதியானதே. ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கருதாது, சில நாட்டாரின் உடைமையாகக் கருதும் மனப்பான்மை அதன் பின்னே நிற்கிறது. ஆயின், அந்த அநீதி நுழைவாயிலிலே நிகழ்வது. உள்ளே வந்தபின் ஒருவர் உழைக்கும் மணிநேரம் வேறொரு பொருள். வாசலில் நடந்த அநீதிக்கு ஈடாக உள்ளே ஊதியத்தைப் பறிப்பதனால், வாசலுக்கு வெளியே நிற்கும் இலங்கை ஆசிரியருக்கு ஒரு சதமும் கிடைக்கப் போவதில்லை. பறித்தது நிர்வாகத்தின் கணக்கிலேயே சேரும். ஒரு தவறு இன்னொரு தவறைத் தீர்ப்பதில்லை. இரண்டினாலும் இலாபம் அடைபவர் ஒருவராகவே இருத்தலுங் கூடும்.

மேலும், சலுகை பெற்றவர் பலவீனர் அல்லர் என்று கொள்வதும் பிழை. 'ஈ-2' எனப்படும் அவரது விசா வேலை கொடுப்பவரோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. ஒப்பந்த நடுவிலே வேறிடம் செல்ல வேண்டுமாயின், பழைய எசமானரிடமிருந்து விடுவிப்புக் கடிதம் பெற வேண்டும். வேதனப் பாக்கியைக் கேட்க நினைப்பவர் தன் குடியிருப்பையும், நாட்டில் இருப்பதற்கான அனுமதியையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது. கொரியரிடமும் கொரிய வம்சாவளியினரிடமும் கேட்கப்படாத எய்ட்ஸ் கிருமிச் சோதனை இவ்வாசிரியர்மீது சுமத்தப்பட்டிருந்தது. அது இனப்பாகுபாடே என்று ஐக்கிய நாடுகள் சபையின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு 2015இற் கண்டது. 2017இலேயே அது நீக்கப்பட்டது. ஆசிரியர்களைத் 'தொழிலாளரல்லர், தனி ஒப்பந்தக்காரர்' என்று எழுதிவைத்து, பணிக்கொடையைத் தவிர்த்துவந்த தனியார் கல்வி நிறுவனமொன்றின் வழக்கில், அவர்கள் தொழிலாளரே என்று கொரிய உச்ச நீதிமன்றம் தீர்த்ததும் 2015ஆம் ஆண்டிலேதான். வெள்ளைக் காகிதத்திலே பெயரை மாற்றி எழுதிவிட்டால் உழைப்பின் தன்மை மாறிவிடும் என்னும் தந்திரம், அதிர்ஷ்டசாலிகள் எனப்படுவோரையும் விட்டுவைக்கவில்லை.

பெயரால் மனிதரைப் பிரிக்கும் இத்தந்திரம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 2014 ஏப்ரல் 16ஆந் திகதி நிகழ்ந்த சேவோல் கப்பல் விபத்து சான்று பகரும். கப்பலிலே மாணவரோடு சென்று அவர்களைக் காப்பாற்ற முயன்று உயிர்நீத்த ஆசிரியர்களில் இருவர் ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்பட்ட கொரியர்கள். நிரந்தர ஆசிரியர்களின் மரணம் கடமையில் நேர்ந்த மரணமாக ஏற்கப்பட்டது. இவ்விருவருடையதும் அவ்வாறு ஏற்கப்படவில்லை; அவர்கள் அரசாங்க ஊழியரல்லர் என்பதே காரணமாகக் கூறப்பட்டது. மூன்றாண்டுப் போராட்டத்தின் பின்னர், 2017இலேயே அந்த மதிப்பு அவர்களுக்குக் கிட்டியது. கடல் அவர்களைப் பிரித்துப் பார்க்கவில்லை. நியமனக் கடிதமே பிரித்துப் பார்த்தது.

நமது நாட்டவர் நேரடியாகச் சம்பந்தப்பட்ட இன்னொரு பிரிவும் உண்டு. 2004இல் தொடங்கிய தொழில் அனுமதி முறையின் கீழ், ஆயிரக்கணக்கான இலங்கை இளைஞர்கள் 'ஈ-9' விசாவிலே கொரியத் தொழிற்சாலைகளுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் சென்றிருக்கின்றனர். தாமாக விரும்பி வேலைத்தலத்தை மாற்றும் சுதந்திரம் அவர்களுக்கு மிகவும் சுருக்கப்பட்டிருக்கிறது. அக்கட்டுப்பாடு செல்லும் என்று கொரிய அரசியலமைப்பு நீதிமன்றமும் 2021 டிசெம்பரில் தீர்த்தது. விவசாயம், கால்நடை, மீன்பிடி ஆகிய துறைகளில் உழைப்போருக்கோ, வேலைநேரம், ஓய்வு, விடுமுறை பற்றிய விதிகளே பொருந்தா என்று தொழில் நியமங்கள் சட்டத்தின் 63ஆம் பிரிவு ஒதுக்கிவிட்டது. அங்கே மேலதிக மணிநேரம் என்ற ஒன்று சட்டத்தின் கண்ணிலேயே இல்லை. 2020 டிசெம்பரில், பொச்சொன் என்னுமிடத்துப் பண்ணையொன்றிற் கம்போடியத் தொழிலாளிப் பெண்ணொருத்தி, கடுங்குளிரில், பிளாஸ்டிக் கூடாரத்துள்ளே அமைந்த தன் தங்குமிடத்தில் இறந்து கிடந்தாள். அதற்குப் பின்னரே அத்தகைய குடியிருப்புகள்பற்றி நாடு பேசத் தொடங்கியது.

முகாமிலே பாட்டும் விளையாட்டுமாக ஆங்கிலம் கற்பிக்கும் கனடிய ஆசிரியரும், அதே கோடையில் மிளகாய் பறிக்கும் கம்போடியப் பெண்ணும் ஒரே துன்பத்தை அனுபவிக்கின்றனர் என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது அப்பெண்ணை அவமதிப்பதாகும். ஆனால் இருவருடைய நாளும் இருபத்துநான்கு மணிநேரமே. இருவருக்கும் விசா எசமானரின் கைக்குள் இருக்கிறது. இருவரிடமும் எண்ணாமல் எடுத்துக்கொள்ளும் பழக்கம் ஒன்றே. எனவே ஆசிரியரின் கோரிக்கைக்கு நாம் விதிக்கக்கூடிய நிபந்தனை இது: 'நான் இன்ன நாட்டவன், என்னை இப்படி நடத்தலாகாது' என்று அவர் கேட்பாராயின் அது சலுகைக் குரல், அதற்கு நாம் செவிசாய்க்க வேண்டியதில்லை. 'உழைத்த மணிநேரம் எவருடையதாயினும் எண்ணப்பட வேண்டும்' என்று கேட்பாராயின் அது உரிமைக் குரல். அக்குரலில் பக்கத்து மேசையிலிருக்கும் கொரிய ஒப்பந்த ஆசிரியரும், 63ஆம் பிரிவால் ஒதுக்கப்பட்டவரும் இடம்பெறுகின்றனர்.

*

மூன்றாவது ஆட்சேபம் இவ்விரண்டினும் வலியது. ஏனெனில் அது பிள்ளைகளின் பெயரால் எழுவது. பாடசாலை முகாம் பெரும்பாலும் இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ நடைபெறுகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை கோடையிலே ஹாக்வொனுக்குச் செல்லும். அல்லது வெளிநாட்டுக்கே அனுப்பப்படும். வறிய வீட்டுப் பிள்ளைக்கும் தூரக் கிராமத்துப் பிள்ளைக்கும் கிடைப்பது இம்முகாம் ஒன்றே. மேலதிகப் பணமின்றி நடத்தமாட்டேன் என்று ஆசிரியர் கூறிவிட்டால், நட்டமடைவது நிர்வாகமா, அந்தப் பிள்ளையா? மனச்சாட்சியுள்ள எந்த ஆசிரியரும் இவ்வினாவை எளிதில் தாண்டிச் செல்ல இயலாது. பலர் இதற்கு விடை காணமுடியாமலே மௌனமாக இரவுகளைக் கொடுத்துவிடுகின்றனர்.

அவ்வாறு கொடுக்கும் நல்ல ஆசிரியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் தன் இரவுகளைச் செலவிட்டு அருமையான முகாமை நடத்துகிறார். பிள்ளைகள் மகிழ்கின்றனர். நிர்வாகத்தின் கணக்கேட்டில் எழுதப்படுவது என்ன? இவ்வளவு பணத்தில், இவ்வளவு பாடவேளையில், இத்தகைய முகாமை நடத்திவிடலாம் என்பதே. அவருடைய இரவுகள் அங்கே எழுதப்படவில்லை. அடுத்த கோடையில் அவர் ஊர் திரும்பிவிடுகிறார், வேறொருவர் வருகிறார். அவர் நோயாளியாக இருக்கலாம். கைக்குழந்தையின் தாயாக இருக்கலாம். மாலையிலே தன் படிப்பைத் தொடர்பவராக இருக்கலாம். முன்னவர் அன்பினாற் கொடுத்தது பின்னவருக்குக் கடமையாகிவிடுகிறது. அவராற் கொடுக்க இயலாதபோது, 'போன வருடத்து ஆசிரியர் நல்லவர்' என்று ஒரு வார்த்தை கேட்கிறது. எழுதப்படாத கொடை, தனக்குப் பின்னால் வருபவரின் முதுகிலே வரியாக இறங்குகிறது. தாராள மனத்தின் இந்தப் பின்விளைவைத்தான் நமது ஒழுக்கநூல்கள் கவனிக்கத் தவறிவிட்டன.

ஏழைப் பிள்ளைக்குச் சமுதாயம் கடன்பட்டிருக்கிறது என்பதில் ஐயமில்லை. அக்கடனைப் பொதுப்பணத்திலிருந்து தீர்ப்பதே முறை. ஒரு கூலியாளரின் எண்ணப்படாத இரவுகளிலிருந்து அதைத் தீர்க்கும்போது, கடன் தீர்ந்தது போன்ற தோற்றம் உண்டாகிறது. கடன்பட்டவர் தலைநிமிர்ந்து நடக்கிறார். முகாம்களுக்கு மேலும் பணம் ஒதுக்க வேண்டுமென்னும் கோரிக்கை எழவே இடமில்லாமற் போகிறது. நீண்டகால நோக்கில் இதனால் நட்டமடைவது அதே ஏழைப் பிள்ளைதான். ஆகவே, 'முகாமை நிறுத்துக' என்பது ஆசிரியரின் கோரிக்கையாக இருத்தலாகாது; 'முகாமுக்கு உண்மையில் ஆகும் செலவை ஒப்புக்கொள்க' என்பதே அவரது கோரிக்கையாக இருத்தல் வேண்டும். பாடவேளையோடு தயாரிப்பு நேரமும் சேர்த்தெண்ணப்படட்டும். முகாமின் நாட்களும் மணிகளும் தவணை முடியுமுன்பே எழுத்தில் தரப்படட்டும். இராக்காவல் வேலையே என்பது ஏற்கப்படட்டும். அதே முகாமில் உழைக்கும் கொரிய ஆசிரியருக்கும் அதே அளவுகோல் பயன்படட்டும். இவற்றுள் எதுவும் பிள்ளைக்கு விரோதமானதன்று.

பிள்ளையின் மணிநேரத்தையும் இங்கே நினைத்துப் பார்ப்பது தகும். கொரியப் பிள்ளைகள் இரவில் வெகுநேரம் ஹாக்வொன்களில் அடைபட்டிருப்பதைத் தடுக்க, சியோல் நகரம் இரவு 10 மணிக்குமேல் வகுப்பு நடத்தலாகாதென்று விதித்தது. அந்த விதி செல்லுபடியாகும் என அரசியலமைப்பு நீதிமன்றம் 2009இல் தீர்த்தது. பிள்ளைக்கும் வேலைநாள் ஒன்று இருக்கிறது, அதற்கும் எல்லை வேண்டுமென்பதை ஒரு சமுதாயம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. விடுமுறையைப் பறிகொடுத்த பிள்ளையும், இரவைப் பறிகொடுத்த ஆசிரியரும் ஒரே அறையில் எதிரெதிரே அமர்ந்திருக்கின்றனர். ஒருவரின் நலனை மற்றவருக்கு எதிராக நிறுத்துவோர் அந்த அறைக்கு வெளியே இருக்கின்றனர்.

நாம் வந்தடையும் முடிவு இதுவாகும். ஆசிரியர் கொடுக்கலாம், கொடுக்கும் குணமில்லாதவர் நல்லாசிரியராவது அரிது. ஆனால் கொடுப்பதற்கு முன் அது எண்ணப்பட வேண்டும், எழுதப்பட வேண்டும். வேண்டாமென மறுக்கவும் அவருக்கு உரிமை இருத்தல் வேண்டும். எண்ணப்பட்ட மணிநேரத்தைக் கொடுப்பவர் கொடையாளி. எண்ணப்படாததைக் கொடுப்பவர், தாம் அறியாமலே, தமக்குப் பின்னால் வருபவரின் நேரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். பிறருடையதைக் கொடுக்க எவருக்கும் உரிமையில்லை.

ஜொன் தே-இல் தொழிற் சட்டத்தைப் படிக்க முயன்றபோது, அதிலே நிறைந்திருந்த சீன எழுத்துக்களும் சட்டச் சொற்களும் அவருக்கு விளங்கவில்லை. தனக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நண்பன் ஒருவன் இருந்திருந்தால் என்று அவர் ஏங்கினார். அவர் இறந்த பின்னர் அவ்வேக்கத்தைக் கேள்வியுற்ற கொரிய மாணவர் பலர் தொழிலாளரைத் தேடிச் சென்றனர். படித்தவர்கள் தம் சொந்த மணிநேரத்துக்காகக் குரலெழுப்புவது நியாயமே. அவ்வாறு குரலெழுப்பும்போது, தம் கணக்கை எழுதிவைக்கத் தெரியாத ஒருவருடைய கணக்கையும் சேர்த்து எழுதிக்கொடுக்கும் நண்பர்களாக ஆசிரியர்களும் மாணவர்களும் ஆதல் வேண்டும்.